காகிதம் மேலே

ராஜ்கோட்டில் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. கடைகளின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். அவசர ஆர்டர் கொடுக்க வந்தவன்கூட ஆட்டோவுக்குள்ளேயே காலை மடக்கிப் படுத்துவிட்டு நாலு மணிக்குத்தான் எட்டிப் பார்ப்பான். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை எங்காவது தீப்பிடித்திருக்க வேண்டும்.

அதனால்தான் இரண்டேகாலுக்கு ஷட்டர் தடதடவென்று அதிர்ந்ததும் மஞ்சுளாபென் மாடியில் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரு போயிட்டாங்க?" என்றாள் கணவரிடம்.

"கீழ போய்ப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றார் லால்ஜிபாய், போர்வையை விலக்காமலே.

கீழே ஊர்மி ஏற்கெனவே விழித்திருந்தாள். அவளுக்கு மதியத் தூக்கம் பழக்கமில்லை. ஊரே அடங்கிக் கிடக்கும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் இரும்புப் பட்டை அவள் சொன்னபடி வளையும். இயந்திர மூடிகளில் கசிவை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டுகளை வெட்டுகிற அச்சு, அதாவது டை, செய்வது அவள் தொழில். பிளைவுட் பலகையில் வடிவத்தை அறுத்து, அந்தக் கோட்டுக்குள் கூர்மையான எஃகுப் பட்டையை வளைத்துச் சொருக வேண்டும். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு ஐந்து வருடமாகப் பட்டறை அவள் கையில் இருக்கிறது. ஆரம்பத்தில் "பொண்ணு வளைச்ச பட்டை, வளையல் மாதிரிதான் இருக்கும்" என்று சிரித்தவர்கள் உண்டு. இப்போது பக்திநகர்த் தொழிற்பேட்டையில், டையை வைத்து அழுத்தி வெட்டும் பதினோரு பிரஸ் கடைகள் "ஊர்மி டை" என்று பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்குகின்றன.

ஷட்டரைத் தூக்கினாள். வெளியே விரஜ்லால் நின்றார்.

வெறும் பிரஸ் கடை முதலாளியாக இருந்தால் "நாலு மணிக்கு வாங்க காகா" என்று சொல்லியிருப்பாள். ஆனால் போன மாதம் இதே விரஜ்லால் வீட்டில்தான் வெல்லமும் தனியாவும் பகிர்ந்து, அவர் மகன் நிகுஞ்சுக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. வருங்கால மாமனாரைத் தெருவில் நிறுத்த முடியுமா? அவருக்குப் பின்னால் நிகுஞ்ச், பழைய போர்வையில் சுற்றிய பலகை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். அவளைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக அவன் பார்க்கிற பார்வைக்கு இவள்தான் தரையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"உங்கப்பாவைக் கூப்பிடு பேட்டா" என்றார் விரஜ்லால்.

லால்ஜிபாய் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். விரஜ்லால் உட்காரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். கறுப்பு ஸ்பாஞ்ச் ரப்பர் கேஸ்கெட்டுகள் மேஜை மேல் சரிந்தன. தண்ணீர் பம்பின் கன்ட்ரோல் பெட்டி மூடிக்கு உள்ளே ஒட்டுகிற ரகம். நீள்சதுரச் சட்டம், ஒரு மூலையில் மட்டும் வயர் நுழைவதற்கு ஒரு காது. ஒரு பக்கம் பசை, பசைக்கு மேல் மஞ்சள் காகிதம்.

"மூவாயிரம் பீஸ், சம்பந்தி. மூவாயிரமும் திரும்பி வந்துடுச்சு. காது இடது பக்கம் இருக்கணும். வலது பக்கம் இருக்கு."

ஊர்மி ஒன்றை எடுத்தாள். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த வரைபடக் கட்டிலிருந்து அந்த மூடியின் தாளை உருவினாள். கேஸ்கெட்டை அதன் மேல் வைத்தாள். காது எதிர்ப்பக்கம் போய் நின்றது. பசை இல்லாத ரப்பராக இருந்தால் கவலையே இல்லை, திருப்பிப் போட்டால் தீர்ந்தது. பசை ஒரு பக்கம் வந்துவிட்டால் அதற்கு முகம் வேறு, முதுகு வேறு.

"கண்ணாடியில தெரியிற கேஸ்கெட்டை வெட்டியிருக்கீங்க காகா" என்றாள்.

"வெட்டினது உன் டை."

"போர்வையை எடுங்க."

நிகுஞ்ச் போர்வையை விலக்கினான். எஃகுப் பட்டைகள் மேல்நோக்கி நிற்க, பலகையின் கீழ் ஓரத்தில் அவள் கையெழுத்தில், கறுப்பு மார்க்கரில் இரண்டு சொற்கள் இருந்தன. காகிதம் மேலே.

ஊர்மி அதை வாங்கினாள். பலகையைத் தரையில் வைத்தாள். மூலையில் கிடந்த பசை ஷீட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் காகிதம் தெரியும்படி பட்டைகளின் மேல் விரித்தாள். அதன் மேல் நைலான் பலகை, அதன் மேல் மரச்சுத்தியால் ஓங்கி ஐந்தாறு அடி. தெருவில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து குரைத்தது. வெட்டுப்பட்ட துண்டை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தாள். காது அதன் இடத்தில் உட்கார்ந்தது. இன்னொரு துண்டைக் காகிதம் கீழே போகும்படி விரித்து அடித்தாள். அது மேஜையில் கிடந்த மூவாயிரத்தின் உடன்பிறப்பாக வெளியே வந்தது.

"ஷீட்டை யார் போட்டாங்க?"

"நான்தான்" என்றான் நிகுஞ்ச். முதல்முறையாக நிமிர்ந்தான். "காகிதம் கீழ இருந்தா ஷீட் வழுக்கிக்கிட்டுப் போகும், கை வேகமா ஓடும். எப்பவும் அப்படித்தான் போடுவோம்."

அதுவும் உண்மைதான். இதுவரை அவர்கள் பசை ஷீட்டில் வெட்டியதெல்லாம் வட்ட வளையங்கள். வட்டத்துக்கு இடதும் இல்லை, வலதும் இல்லை. ஊரில் எந்தப் பிரஸ் கடையிலும் காகிதம் கீழேதான். அதனால்தான் அவள் அந்த இரண்டு சொற்களை எழுதினாள்.

மஞ்சுளாபென் தேநீர் கொண்டு வந்தாள். விரஜ்லால் அப்போதுதான் உட்கார்ந்தார். சாசரில் ஊற்றி, ஊதி, மெதுவாகக் குடித்து முடித்தார். சண்டை முடிந்தது என்று லால்ஜிபாய் நினைத்தார். அவர் முகம் தெளிந்தது.

"சரி பேட்டா. உன் டை சரி" என்றார் விரஜ்லால். "அது எனக்கு அங்கேயே தெரியும். அதனாலதான் இந்த நேரத்துல வந்தேன்."

"புரியலையே காகா."

"பம்பு கம்பெனியிலேருந்து தரம் பார்க்கிற அந்தானி சாயேப் அஞ்சு மணிக்கு என் கடைக்கு வர்றார். டையை எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கார். இந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்தா தப்பு என் கடை தப்பு. ஆர்டர் கொடுக்கிற கடைங்க லிஸ்ட்லேருந்து என் பேரை அடிச்சிடுவாங்க. இந்த ரெண்டு வார்த்தை இல்லேன்னு வை. காகிதம் கீழ போடுறது ஊர் வழக்கம், மாத்திப் போடணும்னா டை செஞ்சவங்கதானே எழுதியிருக்கணும்? எழுதலை. அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டு ஒரு தேய் தேய்ச்சா ஒரு நிமிஷ வேலை."

ஊர்மி மரச்சுத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ தப்பு என் தப்பாயிடுமே" என்றாள் ஊர்மி.

"உன்னை அந்தக் கம்பெனிக்குத் தெரியுமா? உனக்கு என்ன போச்சு? இன்னும் மூணு மாசத்துல நீ எங்க வீட்டுப் பொண்ணு. நம்ம வீட்டுப் பேரைக் காப்பாத்த நம்ம வீட்டுப் பொண்ணு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"கம்பெனிக்கு என்னைத் தெரியாது காகா. பதினோரு கடைக்குத் தெரியும். அந்தானி சாயேப் நாளைக்கு எல்லாக் கடைக்கும் போவாரு. 'அந்தப் பொண்ணு இடது வலது தெரியாம டை செய்யுது'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்புறம் இந்தப் பட்டறையில நான் பட்டை வளைக்க வேண்டாம், அப்பளம் இடலாம்."

"இட்டா என்ன?" என்றார் விரஜ்லால் சட்டென்று. "கல்யாணத்துக்கு அப்புறமும் விரலைக் கிழிச்சுக்கிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கப் போறியா?"

ஓ, அதுவும் உள்ளே இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள் ஊர்மி. நிச்சயத்தன்று "எங்க மருமக கைவேலைக்காரி" என்று ஊருக்கெல்லாம் பேடா ஊட்டியவர் இவர். அவள் நிகுஞ்சைப் பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மஞ்சுளாபென் மகளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள், தலையை ஆட்டு, தலையை ஆட்டு என்று. லால்ஜிபாய் தொண்டையைச் செருமினார்.

"பேட்டா... ரெண்டு வார்த்தைதானே?"

"நீங்களுமா பப்பா?"

"உன் கல்யாணம்டா கண்ணு. இதுக்காகவா உடைக்கணும்?"

சொல்லிக்கொண்டே அவர் அலமாரியைத் திறந்து உப்புத்தாளைத் தேடினார். கண் மங்கிய மனிதர். எது முரடு, எது நைஸ் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்தத் தடவலைப் பார்க்க ஊர்மிக்கு நெஞ்சு எரிந்தது. அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவரை இப்படித் தடவ வைத்தவர் மேல் வந்தது.

ஆணியில் தொங்கிய சின்ன உளியை எடுத்தாள். பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, முதல் எழுத்தின் மேலேயே உளியை வைத்துச் சுத்தியால் தட்டினாள். மரச்சீவல் சுருண்டு தெறித்தது.

"என்ன பண்றா இவ?" என்றார் விரஜ்லால்.

அவள் எழுத்து எழுத்தாகச் செதுக்கினாள். மார்க்கர் மை இருந்த ஒவ்வொரு கோட்டையும், ஒவ்வொரு வளைவையும் விடவில்லை. பிளைவுட்டின் முதல் அடுக்கு போய் இரண்டாவது அடுக்கின் செந்நிறம் தெரிகிற ஆழத்துக்கு இறங்கினாள். கடைசி எழுத்தை முடித்து, வாயால் ஊதித் தூளைப் பறக்கவிட்டாள். பிறகு அப்பாவின் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கி விரஜ்லாலிடம் நீட்டினாள்.

"இப்போ தேய்ங்க காகா. தீபாவளி வரைக்கும் தேய்ச்சாலும் போகாது."

விரஜ்லாலின் முகம் கறுத்தது. "லால்ஜிபாய், பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க. கல்யாணத் தேதியைப் பத்தி நாம அப்புறம் பேசிக்கலாம். டே, டையை எடு."

நிகுஞ்ச் குனிந்தான். ஊர்மி பலகையின் மேல் கையை வைத்தாள்.

"இது இப்போ உங்க கையோட வர்றது சரியில்லை. அஞ்சு மணிக்கு நானே கொண்டு வர்றேன். அந்தானி சாயேப் கையில நானே கொடுக்கிறேன்."

நிகுஞ்ச் கையை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் இருந்தது வெட்கமா, நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருவரும் போனார்கள்.

மஞ்சுளாபென் அழுதாள். சும்மா அழவில்லை, பட்டியல் போட்டு அழுதாள். மண்டபம், சேலை, அகமதாபாத்திலிருந்து வரப்போகிற பெரியம்மா, பெரியம்மாவின் வாய். ஊர்மி குழாயடியில் கை கழுவினாள். கண்ணாடி முன் நின்று தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டாள். நிகுஞ்சைப் பிடித்திருந்தது அவளுக்கு. அதை மறைக்க என்ன இருக்கிறது? டை வாங்க வருகிற சாக்கில் அரை மணி நேரம் நின்று, பட்டை வளைவதைப் பார்த்து, "இந்த வளைவு எப்படி வந்துச்சு?" என்று உண்மையாகவே கேட்ட ஒரே ஆள் அவன். ஆனால் பிடித்தவன் வீட்டுக்குப் பொய்யைச் சீதனமாகக் கொண்டு போக முடியாது.

நாலேமுக்காலுக்கு ஸ்கூட்டரைத் தள்ளினாள். பலகையைக் காலடியில் வைத்தால் பட்டை முழங்காலைப் பதம் பார்க்கும். பின்னால் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது லால்ஜிபாய் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கே பப்பா?"

"டையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேண்டாமா? கண்ணுதான் போச்சு, கை இருக்கு. குடு."

வழியில் வேகத்தடைகளில் மட்டும் "மெதுவா, பட்டை சாயும்" என்றார்.

விரஜ்லால் கடையில் அந்தானி சாயேப் வந்துவிட்டிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ஒரு கேஸ்கெட். பிரஸ் நிறுத்தப்பட்டிருந்தது. வேலையாட்கள் சுவரோரமாக நின்றார்கள்.

"டை செஞ்சது நீங்களா?" என்றார். "காட்டுங்கம்மா."

லால்ஜிபாய் போர்வையை விலக்கினார். அந்தானி குனிந்து அளவு பார்த்தார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு எழுத்தைப் பார்த்தார். பார்த்தவர் விரல் நுனியால் அந்தப் பள்ளத்தைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"இது இன்னிக்குச் செதுக்கினது."

இதை ஊர்மி யோசிக்கவே இல்லை. மையின் மேலேயே செதுக்கியதில் மை ஒரு பொட்டு இல்லாமல் போய்விட்டது. பழைய எழுத்து இருந்ததற்குச் சாட்சி இப்போது மரத்தில் இல்லை. தப்பு நடந்த பிறகு அவசர அவசரமாக எழுதியது போலத்தான் இருந்தது அது. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா சார், இன்னிக்குத்தான்" என்றார் விரஜ்லால். வழுக்கி விழப் போனவர் கம்பியைப் பிடித்த மாதிரி அவர் குரல் நிமிர்ந்தது. "என் கண் முன்னாடிதான் செதுக்கினா. சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிடுச்சு. நமக்குச் சொந்தமாகப் போறவங்க, நாம பெரிசு பண்ண வேண்டாம்."

அந்தானி ஊர்மியைப் பார்த்தார். "அப்படியா?"

"இன்னிக்குச் செதுக்கினது நான்தான்" என்றாள். "டையை அனுப்பின அன்னிக்கே அதே இடத்துல மையில எழுதியிருந்தேன். நீங்க நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம் சார். நான் எழுதலேன்னு மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். எந்தக் கடையில வந்து கேட்டாலும் ஒத்துக்க மாட்டேன்."

"மை எங்கே?"

"அது மேலதான் உளி போச்சு."

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லால்ஜிபாய் மகளின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"மை இருந்துச்சு சார்."

நிகுஞ்ச் பிரஸ்ஸின் பக்கத்திலிருந்து முன்னால் வந்தான். அவன் அப்பா "டே" என்றார். அவன் நிற்கவில்லை.

"கறுப்பு மார்க்கர். காகிதம் மேலேன்னு இருந்துச்சு. நான் படிச்சேன். படிச்சிட்டு, இவங்க எப்பவும் ஏதாவது எழுதுவாங்கன்னு நினைச்சிட்டு, எங்க வழக்கப்படி காகிதத்தைக் கீழ போட்டேன். மூவாயிரமும் என் கையால போட்டது. டையில தப்பில்லை."

"நிகுஞ்ச்!"

"லிஸ்ட்ல பேர் போனாப் போகட்டும் பப்பா. மையை நான் பார்த்தேன். பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது?"

அந்தானி மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார், யோசித்தார், திரும்பச் செருகினார். ஊர்மி பக்கம் திரும்பினார்.

"மைதான் இருந்துச்சே, அப்புறம் எதுக்கும்மா உளி?"

கடை முழுக்க அவள் வாயைப் பார்த்தது. விரஜ்லாலின் கண்கள் மட்டும் வேறு எங்கோ, பிரஸ்ஸின் எண்ணெய்க் குடுவை மேல் இருந்தன. சொல்லலாம். ஒரே வாக்கியம் போதும். அவர் சொன்னதைச் சொன்னபடி சொன்னால் இந்த மனிதர் இனிப் பக்திநகரில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார்.

"அழியக் கூடாதுன்னு சார்" என்றாள்.

அந்தானி அவளைப் பார்த்தார். அப்புறம் விரஜ்லாலைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் மூவாயிரமும் சரியா வரணும், விரஜ்லால்பாய். வராட்டி லிஸ்ட் பத்திப் பேசவே வேண்டாம். வந்தா, எங்க பெரியவங்ககிட்ட நான் பேசிப் பார்க்கிறேன். உறுதியெல்லாம் தர மாட்டேன்." வாசலில் நின்று திரும்பினார். "அம்மா, உங்க பட்டறை எங்கே இருக்கு? வேற ஒரு மூடி இருக்கு. இதைவிடக் கஷ்டம்."

அவர் போன பிறகு விரஜ்லால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரே நாளில் அவருக்கு நாலைந்து வயது கூடிவிட்டது போலிருந்தது. "தேதி விஷயம்..." என்று ஆரம்பித்தார். குரலில் மிரட்டல் இல்லை, ஆனால் கெஞ்சலும் இல்லை.

"பேசலாம் காகா" என்றாள் ஊர்மி. "நீங்க உங்க முடிவைச் சொல்லுங்க. என் முடிவை நானும் சொல்வேன். ஆனா ஒண்ணு. நான் எந்த வீட்டுக்கு வந்தாலும் பட்டை வளைப்பேன். அதுக்கு இடம் இல்லாத வீட்டுல எனக்கும் இடம் வேண்டாம். இதைக் கேட்டுட்டு யோசிங்க."

"வாய் இருக்கே..." என்று முணுமுணுத்தார் விரஜ்லால். ஆனால் அதற்கு மேல் போகவில்லை.

"இது அவ அம்மாவோட வாய்" என்றார் லால்ஜிபாய், ஸ்கூட்டரை நோக்கி நடந்தபடி. "என்னுது இவ்வளவு நீளம் கிடையாது."

நிகுஞ்ச் பின்னாலேயே வந்தான். ஸ்கூட்டரின் கைப்பிடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டான்.

"கோவமா?"

"மத்தியானம் என் பட்டறையில நின்னப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"பயம்" என்றான்.

"இப்போ?"

"இப்பவும்தான். வீட்டுக்குப் போகணுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மதியத்தின் மௌனத்தை ஒரு சாயங்காலத்தில் மன்னித்துவிடுகிற ஆள் இல்லை அவள். அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை அவன் எடுக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா? பேச?"

"முதல்ல சனிக்கிழமையைத் தாண்டு" என்றாள். "மூவாயிரத்தையும் நீயே வெட்டு, வேலையாள்கிட்ட விடாதே. அப்புறம் வா. நான் இருக்கேனா இல்லையான்னு பார்க்கலாம்."

"இருப்பியா?"

லால்ஜிபாய் பின் இருக்கையில் ஏறி மகளின் தோளைத் தட்டினார். "கிளம்பு பேட்டா, உங்கம்மா அங்கே அகமதாபாத்துக்குப் போன் போட்டு அழுதுகிட்டிருப்பா."

ஊர்மி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நாலு மணிக்கு விழித்தெழுந்த ஊர் இப்போது முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. தெரு முனையில் இருந்த பிரஸ் கடைக்காரர் கையை அசைத்து, "ஊர்மிபென், என் டை என்னாச்சு?" என்று கத்தினார்.

"நாளைக்கு!" என்று அவளும் கத்தினாள், வண்டியை நிறுத்தாமல்.